கெட்டிமேளத்துக்கு முன்னும் பின்னும்: கல்யாண மேளத்துக்கு மரியாதை கேட்ட டி.என்.ராஜரத்தினம் பிள்ளை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் சேந்தமங்கலம், அதன் பிறகு நாமக்கல். ஒரு வைகாசி முகூர்த்த நாளில் இந்தச் சாலையில் பைக்கில் போனால், மண்டபத்துக்கு மண்டபம் வாழைமரம் கட்டியிருக்கும். வாசல் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கேட்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் சில மண்டபங்களில் வாசிக்கிறவங்க இருப்பாங்க. சில மண்டபங்களில் யாருமே இருக்க மாட்டாங்க. பென் டிரைவ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படி ஓடும் பதிவு நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924-2001) வாசித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். கொல்லிமலைக்குப் பக்கத்து ஊரான நாமகிரிப்பேட்டையைத் தன் பெயரிலேயே சுமந்தவர், 1981-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய மங்கள இசை கேசட்டுகளும் சிடிக்களும் தமிழ்நாட்டில் எத்தனை கல்யாணங்களில் ஓடியிருக்கும் என்று கணக்கே போட முடியாது.

ஆனால், பதிவே இல்லாத காலத்தில் கல்யாணத்தில் வாசித்தவர்களின் நிலை என்ன? எங்கே நின்றார்கள், என்ன உடுத்தினார்கள், எத்தனை மணி நேரம் வாசித்தார்கள், யார் கேட்டார்கள்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிலாக ஒரு வாழ்க்கையே இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள, நாமக்கல் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகும் அதே காவிரியோடு கிழக்கே போக வேண்டும். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கும் திருவாவடுதுறை வரை.

யார் இந்த ராஜரத்தினம் பிள்ளை?

1898 ஆகஸ்ட் 27 அன்று, இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கும் திருமருகலில் பிறந்தார். அப்பா குப்புசாமிப் பிள்ளை, அம்மா கோவிந்தம்மாள். வீட்டில் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை பையனை எடுத்து வளர்த்தார். நடேச பிள்ளை பெரிய நாகஸ்வர வித்வான், திருவாவடுதுறை ஆதீனத்தில் வாசித்தவர். டி.என். என்ற முன்னெழுத்தில் இருப்பது அந்த மாமாவின் பெயர்தான். ராஜரத்தினம் என்ற பெயர் மடத்தில் கிடைத்தது.

பையன் முதலில் கையில் எடுத்தது நாகஸ்வரத்தை இல்லை. பிடில் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டார். சிறுவனாக இருக்கும்போதே பாட்டுக் கச்சேரியும் செய்தார். பிறகுதான் அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகஸ்வரம். பாட்டில் தொடங்கியது அவருக்குக் கடைசி வரை உதவியது. குழல் வழியாக ஒருத்தர் பாடுகிற மாதிரி இருக்கும் என்று அவர் வாசிப்பைக் கேட்டவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னாளில் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆஸ்தான வித்வான் ஆனார். ஊர்ப் பெயரும் ஒட்டிக்கொண்டது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்ற பட்டம், அவர் பெயரைப் போலவே எல்லோர் வாயிலும் நின்றது.

நாகஸ்வரமா, நாதஸ்வரமா என்று ஒரு குழப்பம் உண்டு. பழைய நூல்களிலும் இசை ஆய்வுகளிலும் நாகஸ்வரம், நாகசுரம் என்றே இருக்கிறது. பேச்சு வழக்கில் நாதஸ்வரம், நாயனம். ஊர்க்காரர்களுக்கு மொத்தக் குழுவும் சேர்ந்து மேளம்தான்.

அன்றைய கல்யாணம்: மேளக்காரருக்கு எத்தனை மணி நேர வேலை?

இன்றைக்கு ரிசப்ஷனுக்கு 2 மணி நேரம், முகூர்த்தத்துக்கு 2 மணி நேரம் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். ராஜரத்தினம் பிள்ளை இளைஞராக இருந்த 1920-களில் வசதியான வீட்டுக் கல்யாணம் நாள் கணக்கில் நடக்கும். பெரிய மேளம் என்று அழைக்கப்பட்ட குழுவில் நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம் இருக்கும். ஒத்து என்பது பார்க்க நாகஸ்வரம் மாதிரியே இருக்கும். ஆனால் அதில் சுருதி மட்டும்தான் வரும். ஒத்து ஊதுபவர் மூச்சை விடாமல், கன்னத்தில் காற்றைத் தேக்கி, மணிக்கணக்கில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒத்து ஊதுறது என்று நாம் கிண்டலாகச் சொல்வது, உண்மையில் அந்தக் குழுவிலேயே நுரையீரலைப் பிழியும் வேலை.

முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு. கோயிலில் இருந்து கல்யாண வீடு வரை ஊர்வலம். மேளம் முன்னால் போகும். பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்தவர்கள் இரண்டு பக்கமும் நடப்பார்கள். முச்சந்திக்கு முச்சந்தி ஊர்வலம் நிற்கும், அங்கே வித்வான் ஒரு ராகத்தை எடுப்பார். பனி இறங்கினால் தவில் தோல் தளர்ந்து நாதம் மாறும். நாகஸ்வரத்தின் வாயில் செருகும் சீவாளியோ நாணல் மாதிரியான ஒரு புல் தட்டையில் செய்தது. காய்ந்தாலும் பேசாது, ரொம்ப ஈரமானாலும் பேசாது. அதனால்தான் நாகஸ்வரத்தில் ஒரு கயிற்றில் நாலைந்து சீவாளிகள் தொங்கும். ஒன்று மக்கர் செய்தால் அடுத்தது.

தவில்காரர் கதை இன்னும் கஷ்டம். வலது கை விரல்களில் கெட்டியான கூடு மாட்டிக்கொண்டு, இடது கையில் குச்சியோடு, பல கிலோ எடையுள்ள தவிலைத் தோளில் தொங்கவிட்டு நடந்துகொண்டே வாசிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் மாலை மாற்றுதல், ஊஞ்சல், அப்புறம் முகூர்த்தம். இங்கேதான் கல்யாண மேளத்துக்கே உரிய ஒரு கட்டுப்பாடு வருகிறது. தாலி கட்டும் நேரம் வந்ததும் புரோகிதர் கையை உயர்த்துவார். அந்த நொடியில் எந்த ராகத்தில், எந்தப் பிடியில், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் வித்வான் அதை அப்படியே விட்டுவிட்டு கெட்டிமேளத்துக்குத் தாவ வேண்டும். அபசகுனமான சத்தம், யாராவது தும்முவதோ அழுவதோ, மணமக்கள் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் அந்த உச்சச் சத்தம். கலைஞர் கட்டிய கோட்டை ஒரு கையசைவில் நிற்கும். அதைத் தப்பாக நினைக்கவும் முடியாது, ஏனென்றால் கூப்பிட்டதே அதற்காகத்தான்.

வருமானமும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான். தை, வைகாசி, ஆவணி வந்தால் ஓட்டம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே கிடையாது. மார்கழி என்றால் பாடகர்களுக்கு சீசன். கல்யாணத்தை நம்பிய மேளக்காரர் வீட்டில் அந்த மாதம் அடுப்பு மெதுவாகத்தான் எரியும்.

தெருவே சபா

ராஜரத்தினம் பிள்ளை என்றால் தோடி, தோடி என்றால் ராஜரத்தினம் பிள்ளை. கர்நாடக சங்கீதம் கேட்காதவர்கள்கூட இந்த இரண்டு பெயரையும் சேர்த்துக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் அவர் வாசித்ததைப் பற்றிய கதைகள் தஞ்சாவூர்ப் பக்கம் இன்றும் உண்டு. ஆனால் ஒரு ராகத்தை அவ்வளவு நேரம் வாசிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

அதற்குப் பதில் ஊர்வலத்தில் இருக்கிறது. சபாவில் பாடுபவருக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு உண்டு, அதற்குள் பல கீர்த்தனைகளைப் பாடி முடிக்க வேண்டும். கோயில் சுவாமி புறப்பாட்டிலும் கல்யாண ஊர்வலத்திலும் நிலைமை வேறு. நாலு வீதி சுற்றி முடிக்கும் வரை இசை நிற்கக் கூடாது. வார்த்தை உள்ள பாட்டுகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட, ராகத்தை விரித்துக்கொண்டே போவதுதான் அதற்குப் பொருந்தும். தெரு நீளமாக இருந்ததால் ஆலாபனையும் நீண்டது. அவசரமே இல்லாமல், ஒரு சுரத்தில் நின்று, அதைச் சுற்றி வந்து, அடுத்ததுக்கு ஏறும் அந்த முறையை நாகஸ்வரக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெருவில்தான் வளர்த்தார்கள். ராஜரத்தினம் பிள்ளை அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்.

அதன் தாக்கம் தெருவோடு நிற்கவில்லை. ஜி.என்.பாலசுப்பிரமணியம், செம்மங்குடி சீனிவாசய்யர் போன்ற பெரிய பாடகர்களின் ராக ஆலாபனையில் நாகஸ்வரத்தின் பாதிப்பு இருப்பதை இசை உலகம் ஒப்புக்கொள்கிறது. சபாவில் டிக்கெட் வாங்கிக் கேட்ட இசையின் ஒரு பகுதி, கல்யாணத் தெருவில் சும்மா கிடைத்த இசையில் இருந்து போனதுதான்.

சும்மா கிடைத்தது என்பதும் முக்கியம். அந்தக் காலத்தில் சபாவுக்குள் போக காசு வேண்டும். 1939-க்கு முன்பு பெரும்பாலான பெரிய கோயில்களுக்குள் போக சாதி வேண்டும். கல்யாண ஊர்வலத்தின் நாகஸ்வரத்துக்கு மதிலும் கிடையாது, கதவும் கிடையாது. அழைப்பிதழ் இல்லாதவர்கள், வயலில் இருந்து திரும்பியவர்கள், ராத்திரி வண்டி ஓட்டிப் போனவர்கள் எல்லோர் காதிலும் அது விழுந்தது. ராஜரத்தினம் பிள்ளை மேளம் வருகிறது என்று தெரிந்தால் பக்கத்து ஊர்களில் இருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது டெல்டாவில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வந்த செய்தி. மாப்பிள்ளையைப் பார்க்க வந்த கூட்டத்தைவிட மேளம் கேட்க வந்த கூட்டம் பெரிதாக இருந்தது என்பார்கள்.

அவருக்கு ஈடுகொடுத்து வாசித்த தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அந்த இருவரும் சேர்ந்தால் அதுதான் அன்றைய சூப்பர் ஸ்டார் கூட்டணி.

துண்டு, சட்டை, மேடை

இவ்வளவு கூட்டம் கூடியும், அந்தக் கலைஞரை எப்படி நடத்தினார்கள்? இங்கேதான் கதை கசக்கிறது.

பல ஊர்களில் நாகஸ்வரக்காரர் சட்டை போடக் கூடாது. தோளில் துண்டு போடக் கூடாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். செருப்பு கூடாது. வீட்டுக்காரர்களும் விருந்தாளிகளும் உட்கார்ந்திருக்க, இவர்கள் நின்றுகொண்டோ, ஒரு ஓரமாகத் தரையில் உட்கார்ந்தோ வாசிக்க வேண்டும். நாகஸ்வரம் வாசித்தவர்களில் பெரும்பாலோர் டெல்டாவில் இசை வேளாளர்கள், கொங்குப் பகுதியிலும் வேறு இடங்களிலும் மருத்துவர் சமூகத்தினர். சங்கீதத்தைக் கேட்கும்போது தலையாட்டிவிட்டு, அது முடிந்ததும் சாதியைப் பார்ப்பதில் யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை.

இதை எதிர்த்த ஒரு சம்பவம் சுயமரியாதை இயக்க வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலம். நாகஸ்வரம் மதுரை சிவக்கொழுந்து. அவர் தோளில் துண்டு கிடந்தது. அதை எடுக்கச் சொல்லி ஊர்ப் பெரிய மனிதர்கள் தகராறு செய்தார்கள். எடுக்கவே கூடாது என்று அவர் பக்கம் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. வியர்வை துடைக்கும் ஒரு முழத் துணி, ஊரையே இரண்டாகப் பிரித்தது.

ராஜரத்தினம் பிள்ளை இதே சண்டையை வேறு மாதிரி போட்டார். அவர் இயக்கத்தில் சேரவில்லை, மேடை ஏறிப் பேசவில்லை. நிபந்தனை வைத்தார். குடுமியை எடுத்துவிட்டு கிராப் வைத்துக்கொண்டார். சட்டை, ஷெர்வானி போட்டுக்கொண்டு வந்தார். காதில் வைரக் கடுக்கன் மின்னியது. உட்கார்ந்துதான் வாசிப்பேன், மேடை வேண்டும் என்று கேட்டார். மேடை போட்டுக் கொடுத்தார்கள். ஏனென்றால் கூட்டம் அவருக்காகத்தான் வந்திருந்தது.

இன்றைய வேலை மொழியில் சொன்னால், மார்க்கெட்டில் தன் மதிப்பு என்ன என்று தெரிந்த ஒருத்தர், சம்பளத்தோடு சேர்த்து மரியாதையையும் ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்கினார். மற்றவர்களுக்கு அந்தத் துணிச்சல் இல்லை என்று சொல்வது எளிது. உண்மையில் அவர்களுக்கு அந்தப் பேரம் பேசும் பலம் இல்லை. ஒரு தையில் நாலு கல்யாணம் கிடைக்கும் ஒரு கிராமத்து மேளக்காரர், ஊர்ப் பெரியவரிடம் நாற்காலி கேட்டால் அடுத்த தையில் அந்த நாலும் போய்விடும்.

அவருடைய கோபம், பிடிவாதம், குடி, நேரத்துக்கு வராமல் போனது பற்றியும் நிறையக் கதைகள் உண்டு. அவற்றில் எத்தனை உண்மை, எத்தனை கூட்டிச் சொன்னது என்று பிரிப்பது கடினம். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். அதே கோபமும் பிடிவாதமும் ஒரு ஜமீன்தாருக்கோ ஒரு பெரிய பாடகருக்கோ இருந்திருந்தால் அதைக் கம்பீரம் என்றிருப்பார்கள். மேளக்காரருக்கு இருந்ததால் திமிர் என்றார்கள்.

கருவியையும் மாற்றினார்

மரியாதை ஒரு பக்கம். இன்னொரு பிரச்சினை கருவியிலேயே இருந்தது. அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது திமிரி நாகஸ்வரம். நீளம் குறைவு, சுருதி அதிகம். திறந்த வெளியில், தேர் வீதியில், வாணவேடிக்கைக்கு நடுவில் கேட்க வேண்டும் என்பதற்கு அது சரி. ஆனால் கூரை போட்ட மண்டபத்தில், மைக் முன்னால், உட்கார்ந்து கேட்பவர்களுக்கு அது காதைக் குத்தும்.

நீளமான, சுருதி தணிந்த பாரி நாகஸ்வரத்துக்கு ராஜரத்தினம் பிள்ளை மாறினார். அப்போதும் ஒரு சிக்கல் இருந்தது. சுத்த மத்தியமம் என்ற சுரம் கருவியில் தானாகச் சரியாக விழாது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் சமாளித்துக்கொள்ள வேண்டும். தோடி போன்ற ராகத்துக்கு அந்தச் சுரம் அவசியம்.

இதைத் தீர்த்தவர் திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டையின் ரங்கநாதன் ஆசாரி. நாகஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் 7. கீழ்ப் பக்கம் இன்னும் 5 துளைகள் உண்டு. அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்வார்கள். இந்தத் துளைகளின் இடம், அளவு, குழலின் உள் விட்டம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து, சுத்த மத்தியமம் சரியாகப் பேசும் பாரி நாகஸ்வரத்தை 1950-களில் அவர் செய்து கொடுத்தார். வித்வான் வாசித்துப் பார்த்துக் குறை சொல்ல, ஆசாரி திரும்பவும் கடைந்தார்.

இன்றைக்கு நாம் கேட்கும் நாகஸ்வரம் பெரும்பாலும் அந்த மாற்றத்தின் வாரிசுதான். ஆச்சா மரத்தில் கடையப்படும் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மண்டபத்துக்குள் உட்கார்ந்து நாதஸ்வரத்தைக் காதைப் பொத்தாமல் கேட்க முடிகிறது என்றால், அதில் ஒரு வித்வானின் நச்சரிப்பும் ஒரு ஆசாரியின் பொறுமையும் இருக்கின்றன.

திரையில், தட்டில், டெல்லியில்

தெருவில் மணிக்கணக்கில் ஓடிய தோடி, இசைத்தட்டில் பக்கத்துக்கு 3 நிமிடம் என்ற அளவுக்குச் சுருங்கியது. ஆனாலும் அந்தத் தட்டு நன்றாக ஓடியது. 1940-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய காளமேகம் படத்தில் கவி காளமேகமாக அவரே நடித்தார். ஒரு மேளக்காரர் சினிமாவில் கதாநாயகன் ஆனது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை.

1947 ஆகஸ்ட் 14. சுதந்திரத்துக்கு முந்தைய நாள். திருவாவடுதுறை ஆதீனம் டெல்லிக்கு அனுப்பிய குழுவில் ராஜரத்தினம் பிள்ளையும் இருந்தார். நாகஸ்வரம் முன்னால் முழங்க, அந்தக் குழு ஊர்வலமாக நேருவின் வீட்டுக்குப் போனது. மாப்பிள்ளையை அழைத்துப் போகும் அதே வாத்தியம், அன்று டெல்லித் தெருவில் ஒரு புதிய நாட்டின் முதல் பிரதமரைப் பார்க்கப் போனது.

ஆனால் சென்னை சங்கீத உலகின் பெரிய கவுரவமான சங்கீத கலாநிதி பட்டம் அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. கச்சேரி சீசனின் தொடக்கத்தில் நாகஸ்வரத்தை மங்கள இசையாக வைப்பார்கள். அப்போது நாற்காலிகள் பாதி காலியாக இருக்கும். இந்த வழக்கம் இன்றும் முழுசாக மாறவில்லை.

நிறைய வந்தது, நிறையப் போனது

நாகஸ்வரத்தில் அவர் அளவுக்குப் பேசி வாங்கியவர்கள் அந்தக் காலத்தில் இல்லை என்றே சொல்லலாம். செலவும் அப்படித்தான். நகை, உடை, கார், கூட்டம் கூட்டமாக விருந்து. ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் செய்துகொண்டார். சேமிப்பு என்று எதுவும் நிற்கவில்லை. மாதச் சம்பளம், பென்ஷன், காப்பீடு எதுவும் இல்லாத தொழிலில், முகூர்த்த நாளில் வந்த பணம் முகூர்த்தம் இல்லாத மாதங்களுக்குள் கரைந்துபோவது புதிதல்ல. சின்ன மேளக்காரர் வீட்டில் நூறுகளில் நடந்தது, இவர் வீட்டில் ஆயிரங்களில் நடந்தது.

1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் மாரடைப்பால் இறந்தார். வயது 58. மார்கழி பிறக்க சில நாட்களே இருந்தன.

அவருக்குப் பிறகு என்ன மாறியது?

அவருடைய சீடர் திருநெல்வேலிப் பக்கத்துக் காருகுறிச்சி அருணாசலம் (1921-1964). கொஞ்சும் சலங்கை (1962) படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போடும் அந்த நாகஸ்வரம் அவருடையதுதான். ஆந்திரத்தில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா, ராஜரத்தினம் பிள்ளையின் பாணியைத் தன் வழியாக எடுத்துக்கொண்டவர். 1968-ல் வந்த தில்லானா மோகனாம்பாள் படத்தில் சிவாஜி நடித்த சிக்கல் சண்முகசுந்தரத்தின் கோபத்திலும் ரோஷத்திலும் பலரும் திருவாவடுதுறைக்காரரின் சாயலைப் பார்க்கிறார்கள். முத்தமிழ்ப் பேரவை நாகஸ்வரக் கலைஞர்களுக்குக் கொடுக்கும் விருதின் பெயர் ராஜரத்னா.

டெல்டாவுக்கு வெளியே, கொல்லிமலைப் பக்கத்தில் இருந்து வந்த நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் பத்மஸ்ரீ வரை போனார். அவர் தலைமுறைக் கலைஞர்கள் சட்டை போட்டு, மேடையில் உட்கார்ந்து, மைக் வைத்து வாசித்தபோது யாரும் அதை ஒரு செய்தியாகப் பார்க்கவில்லை. அதுதான் முன்னால் சண்டை போட்டவரின் வெற்றி.

தோல்வியும் உண்டு. ராஜரத்தினம் பிள்ளைக்குக் கிடைத்த மேடை, அவர் பெயருக்குக் கிடைத்தது. பெயர் இல்லாத மேளக்காரருக்கு அது தானாக வந்து சேரவில்லை. சட்டையும் துண்டும் இன்று பிரச்சினை இல்லைதான். ஆனால் பல கல்யாணங்களில் மேளத்துக்கு ஒதுக்கும் இடம் டைனிங் ஹால் போகும் வழியில் ஒரு மூலை. போட்டோகிராபர் மறைக்கிறார் என்று நகரச் சொல்வார்கள். பட்ஜெட் போடும்போது டெக்கரேஷனுக்கு லட்சத்தில் எழுதிவிட்டு, மேளத்துக்கு வரும்போது மட்டும் பேரம் பேசுவார்கள். ரிசப்ஷனுக்கு செண்டை மேளம், டிஜே என்று போட்டி வேறு. ஒத்து ஊதியவர் வேலையை எப்போதோ சுருதிப் பெட்டி எடுத்துக்கொண்டது. கோயில்களில் தவில்காரர் இடத்தில் மின்சார முரசு வந்துவிட்டது. கல்யாணத்தில் வித்வான் இடத்தில் பென் டிரைவ்.

அரசு இசைப் பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் சொல்லித் தருகிறார்கள், பிள்ளைகளும் சேர்கிறார்கள். படித்து முடித்து வெளியே வரும் அவர்களில் பலருக்கு முதல் வருமானம் எதுவாக இருக்கும்? ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கல்யாணம்தான்.

பென் டிரைவால் செய்ய முடியாத ஒரு வேலை அங்கே இன்னும் இருக்கிறது. புரோகிதர் கையை உயர்த்தும்போது பதிவு அதைப் பார்க்காது. யாராவது ஓடிப் போய் பட்டனை அழுத்த வேண்டும், அதற்குள் முடிச்சு விழுந்துவிடும். எதிரே உட்கார்ந்திருக்கும் வித்வான், கண்ணை மணமேடையிலேயே வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருப்பார். கை உயர்ந்த அதே நொடியில் ராகத்தை விட்டு கெட்டிமேளத்துக்குப் போவார். தாலி ஏறியதும், விட்ட இடத்தில் இருந்து ராகத்தைத் திரும்ப எடுப்பார். அப்போது பந்தலில் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார்கள். மீதிப் பேரில் ஒருத்தராவது நின்று கேட்டால், திருவாவடுதுறைக்காரர் போட்ட சண்டை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.